ஊறிய ரொட்டிக்கு நேர்ந்த அநீதி: ‘சாப்’ என்னும் வினைச்சொல் குறித்த ஆராய்ச்சி

ஆங்கிலத்தில் ‘சாப்’ என்றொரு குட்டி வினைச்சொல் உண்டு. தட்டில் மிஞ்சிய குழம்பை ரொட்டித் துண்டால் ஒற்றி எடுப்பதும் சாப்தான், தரையில் சிந்திய தண்ணீரைத் துணிபோட்டு உறிஞ்ச வைப்பதும் சாப்தான். இதற்கெல்லாம் ஓர் ஆய்வா என்பது பூர்வபட்சம். இந்தச் சொல்லுக்குள் ஒரு திருட்டு ஒளிந்திருக்கிறது என்பது நம் சித்தாந்தம்.

பழைய ஆங்கிலத்தில் ‘சாப்’ என்றால் எதிலாவது தோய்த்தெடுத்த ரொட்டித் துண்டு. வினை அதிலிருந்து கிளைத்தது. இதே குடும்பத்துச் சொல் பிற்கால லத்தீனில் ‘சுப்பா’ ஆகி, பிரெஞ்சில் ‘சூப்’ ஆயிற்று. அந்த சூப்பும் ஆதியில் ஊறிய ரொட்டியைத்தான் குறித்தது, அதன்மேல் ஊற்றிய சாற்றை அல்ல. போகப்போகச் சாறு பெயரைத் தன் பேருக்குப் பட்டா மாற்றிக்கொண்டது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த சூப்பில் ரொட்டிக்கு இடமில்லை. இரவு உணவைச் சொல்லும் ‘சப்பர்’ என்பதும் இதே வம்சம். சாப், சூப், சப்பர் என்று அடுக்கியதுமே ‘சாப்பாடு!’ என்று எழுந்து நிற்கும் அன்பர்கள் தயவுசெய்து உட்காரவும். அது வெறும் ஒலி ஒப்புமை.

அடுத்த கொள்ளை ‘டோஸ்ட்’. மணத்துக்காக மசாலா தடவிச் சுட்ட ரொட்டியை மதுவில் மிதக்கவிடுவது பழைய வழக்கம். பாத் நகரில் ஓர் அழகி நீராட, ஒருவர் அந்தத் தண்ணீரையே மொண்டு அவள் நலம் வாழ்த்திக் குடித்தாராம். பக்கத்திலிருந்த குடிகாரர், தண்ணீர் வேண்டாம், அதில் மிதக்கும் டோஸ்ட்தான் வேண்டும் என்றாராம். 1709இல் ‘டாட்லர்’ இதழ் சொன்ன கதை இது. இன்று நலம் வாழ்த்திக் கோப்பை உயர்த்தி டோஸ்ட் சொல்கிறவர் அதில் ரொட்டியைத் தேடிப் பயனில்லை.

இத்தனைக்கும் வேலை முழுதும் ரொட்டியுடையது. டீக்கடையில் ஒரு பொறையின் நுனியை டீயில் வைத்துப் பாருங்கள். பழுப்புக் கோடு ஒன்று புவியீர்ப்பை மதிக்காமல் மேலே ஏறும், ஏற ஏறத் தளரும். இரு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் என்று 1921இல் வாஷ்பர்ன் என்பவர் சமன்பாடே எழுதிவிட்டார். அதை பிஸ்கட்டுக்குப் பொருத்தி, ஒரு பக்கம் காய்ந்திருக்கும்படி படுக்கவாட்டில் தோய்த்தால் உடையாது என்று கண்ட இயற்பியலாளர் லென் ஃபிஷருக்கு 1999இல், வேடிக்கை ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. பிஸ்கட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைத்தது அவப்பெயர். 1611ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில் யூதாஸ் வாங்குவது ஒரு சாப். தமிழ் வேதாகமம் அதைத் ‘துணிக்கை’ என்கிறது. வர்ஜிலின் காவியத்தில் பாதாள வாசலைக் காக்கும் மூன்று தலை நாய்க்கு மயக்க மருந்து கலந்த தேன் பண்டம் வீசப்படுகிறது. அதையும் ஆங்கிலேயர் சாப் என்றார்கள். அன்றுமுதல் வாயடைக்கக் கொடுப்பதெல்லாம் சாப். தெருநாய்க்குப் பொறை போட்டுவிட்டு நகரும் நம் டீக்கடை வாடிக்கையாளருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாலில் ஊறிய ரொட்டியோ கோழைக்குப் பட்டப்பெயர் ஆனது.

தேர்தல் வந்தால் நம்மூர் ஆங்கில நாளேடுகள் இலவச அறிவிப்புகளையெல்லாம் ‘சாப்ஸ்’ என்று தலைப்பில் ஏற்றுகின்றன. உதவி ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மிக்சியை மிக்சி என்றே எழுதுங்கள், கிரைண்டரைக் கிரைண்டர் என்றே எழுதுங்கள். அந்த ரொட்டியை விட்டுவிடுங்கள்.