‘ஏன் இப்ப?’ காகா

புனேயில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் எல்லோருமே காகாதான். அவர்களில் ஒரு தனிப் பிரிவு ‘ஏன் இப்ப?’ காகா. சாதாரண நாட்களில் இவரை மற்ற காகாக்களிடமிருந்து பிரித்தறிவது கடினம். வெங்காய விலை, மெட்ரோ பள்ளம், சொசைட்டித் தண்ணீர் டேங்கர் என்று கூட்டத்தோடு கலந்திருப்பார். ஒரு நீதிபதி மீது பழைய பாலியல் தொந்தரவுப் புகார் பேப்பரில் வந்த மறுநாள் காலையில் மட்டும் தனியாகத் தெரிவார்.

லா காலேஜ் சாலையை ஒட்டிய டேக்டி என்ற குன்றில் ஏறி இறங்கி, அடிவாரத்து டீக்கடையில் கட்டிங் சாயோடு நிற்கும் கூட்டமே இவருடைய வாழிடம். மராட்டிய காகா ‘ஆத்தாச் கா?’ என்பார். கிர்க்கியிலோ ராஸ்தா பேட்டையிலோ வளர்ந்து, கணக்குப் பிரிவு ஏதோ ஒன்றில் ஓய்வு பெற்ற தமிழ் காகா, ‘இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தாளாம்?’ என்பார். கேள்வி ஒன்றே. புகாரில் என்ன சொல்லியிருக்கிறது என்று இருவருமே படித்திருக்க மாட்டார்கள். தேதிகளை மட்டும் படித்திருப்பார்கள்.

தமிழ் காகா முழு வேகத்தில் இயங்கியது 2013 நவம்பரில். உச்ச நீதிமன்றத்திலிருந்து ஓய்வு பெற்ற நீதிபதி ஏ.கே. கங்குலியிடம் பயிற்சியில் இருந்த இளம் சட்டப் பட்டதாரி ஒருவர், 2012 டிசம்பரில் டெல்லி ஓட்டல் ஒன்றில் நடந்ததைப் பொதுவில் எழுதினார். இடைவெளி பதினோரு மாதம். காகா விரல் விட்டு எண்ணித் தலையசைத்தார். கங்குலி மறுத்தார். காகாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கூடவே இன்னொரு காரணமும்: 2ஜி அலைக்கற்றை வழக்கில், ஆ. ராசா அமைச்சராக இருந்தபோது கொடுத்த 122 உரிமங்களை 2012 பிப்ரவரியில் ரத்து செய்த அமர்வில் இருந்தவர் கங்குலி. ‘ராசாவையே ஆட்டின மனுஷன், விடுவானுங்களா?’ என்று டீக்கடையில் சதி வெளிப்பட்டது. தன் தீர்ப்புகளால் பாதிக்கப்பட்ட சக்திகள் பின்னால் இருப்பதாகக் கங்குலியே தலைமை நீதிபதிக்கு எழுதியபோது, காகா அதைத் தன் சொந்த ஆய்வு முடிவின் உறுதிப்பாடாக எடுத்துக்கொண்டார்.

அந்தத் தலைமை நீதிபதி ஈரோட்டுப் பக்கத்துக்காரரான பி. சதாசிவம் என்பதில் காகாவுக்குப் பெருமைதான். ஆனால் அவர் அமைத்த மூன்று நீதிபதிகள் குழு, விரும்பத்தகாத நடத்தை நடந்திருப்பதாக முதல் நோக்கில் தெரிகிறது என்று சொன்னதும் அந்தப் பெருமை சற்று வாடியது. ஓய்வு பெற்றவர், பெண்ணும் நீதிமன்றப் பட்டியலில் இருந்த பயிற்சியாளர் அல்ல, ஆகவே மேல்நடவடிக்கை தேவையில்லை என்று நீதிமன்றம் ஒதுங்கியது. கங்குலி 2014 ஜனவரியில் மேற்கு வங்க மனித உரிமை ஆணையத் தலைவர் பதவியை விட்டார்.

காகியும் உண்டு. அவருடைய கேள்வி காலத்தைப் பற்றியதல்ல, இடத்தைப் பற்றியது: ‘ஓட்டல் ரூமுக்கு இவ ஏன் போனா?’ வேலைக்கு வரச் சொன்ன இடம் அது என்று அந்தப் பெண் சொல்லியிருந்ததைக் காகியின் செய்தித்தாள் போடவில்லை போலும். மூன்றாவது வகைக்கு அரசியல் அங்கீகாரமே கிடைத்தது. பெண்களோடு பேசவே பயமாயிருக்கிறது, பெண் செயலாளரே வேண்டாம் என்ற தோரணையில் மத்திய அமைச்சர் ஃபாரூக் அப்துல்லா 2013 டிசம்பரில் பேசி, அன்றே மன்னிப்பும் கேட்டார். டீக்கடைக் காகாக்கள் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை.

காகாவின் காலக்கணக்கு தனி ஆராய்ச்சிக்குரியது. கிளாரன்ஸ் தாமஸ் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டபோது, 1980-களின் தொடக்கத்தில் அவருக்குக் கீழ் வேலை பார்த்த அனிதா ஹில் 1991-இல் செனட் குழு முன் சாட்சி சொன்னார். தாமஸ் மறுத்தார், 52-க்கு 48 என்று வென்று பதவியேற்றார். பத்து வருஷம், ரொம்ப லேட் என்பது காகா கணக்கு. 2019 ஏப்ரலில் தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் மீது நீதிமன்ற முன்னாள் ஊழியர் ஒருவர் 22 நீதிபதிகளுக்குப் பிரமாணப் பத்திரம் அனுப்பினார். அதில் சொல்லப்பட்டவை முந்தைய அக்டோபரில் நடந்தவை. ஆறு மாதம், இதுவும் லேட், அதிலும் தேர்தல் நேரம். கோகோய் மறுத்தார், மறுநாளே, சனிக்கிழமையில், தான் தலைமை வகித்த அமர்வைக் கூட்டினார். அந்த வேகத்தைக் காகா கணக்கில் சேர்க்கவில்லை. வழக்கறிஞர் துணை மறுக்கப்பட்டதாகச் சொல்லிப் பெண் விசாரணையிலிருந்து விலகினார். உள்விசாரணைக் குழு புகாரில் சாரமில்லை என்றது, அறிக்கை வெளிவரவில்லை. பெண்ணுக்கு 2020 ஜனவரியில் வேலை திரும்பக் கிடைத்தது.

சரி, உடனே புகார் கொடுத்தவர்? ஐ.ஏ.எஸ். அதிகாரி ரூபன் தியோல் பஜாஜ் 1988 ஜூலையில் பஞ்சாப் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் மீது, ஒரு பார்ட்டியில் நடந்ததற்காக, பதினோராவது நாளே போலீசில் எழுதிக் கொடுத்தார். அதற்குக் காகாக்களின் பதில், ‘ஒரு பார்ட்டி விஷயத்துக்கு இவ்வளவு அவசரமா?’ தண்டனை 2005-இல்தான் உறுதியானது. பத்து வருஷம் தாமதம், ஆறு மாதம் தாமதம், பதினோரு நாள் அவசரம் என்றால், காகா ஒப்புக்கொள்ளும் நாள் எந்தக் காலண்டரிலும் அச்சாவதில்லை.

பணியிடப் பாலியல் தொந்தரவு பற்றிய 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாதத்துக்குள் புகார் தரச் சொல்கிறது என்பதைக் காகா மனப்பாடமாகச் சொல்வார். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்ற அடுத்த வரி வருவதற்குள் டீ ஆறிவிடும். விசாகா தீர்ப்பில் எல்லா அலுவலகங்களுக்கும் புகார்க் குழு வேண்டும் என்று 1997-இல் கட்டளையிட்ட உச்ச நீதிமன்றம், தனக்கென்று விதிமுறை வகுத்துக் குழு அமைத்தது 2013-இல். பதினாறு வருஷம். ‘ஏன் இப்ப?’ என்று டேக்டியில் யாரும் கேட்கவில்லை.

காகாவை வீட்டில் வைத்துப் பார்த்தால் இன்னொரு குணம் புலப்படும். பாத்ரூம் கூரையில் ஈரம் பரவி, சுண்ணாம்பு உரிந்து, வாளி ஒன்று நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கும். மேல்வீட்டுக் கசிவு. ஒன்பது வருஷம். சொசைட்டி கமிட்டிக்கு ஒரு கடிதம் போகவில்லை. ஹிஞ்சேவாடி கம்பெனியில் புகார்க் குழு உறுப்பினராக இருக்கும் எதிர்வீட்டுப் பெண் கேட்டால் உரையாடல் இப்படிப் போகும்:

“ஏன் மாமா, எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே?”

“மேல இருக்கறது செக்ரெட்டரிம்மா. பார்க்கிங் அவர் கையில. என்.ஓ.சி. வேணும்னா அவர்தான் கையெழுத்துப் போடணும்.”

“இத்தனை வருஷமாவா?”

“அவர் பதவி முடியட்டும், அப்பறம் பாரு. தேதி போட்டு எல்லாம் எழுதி வச்சிருக்கேன்.”

பீரோவிலிருந்து ரெக்ஸின் ஃபைல் வெளியே வரும். ஈரம் முதலில் தெரிந்த நாள், செக்ரெட்டரி லிஃப்டில் முறைத்த நாள், எல்லாம் வரிசையாக இருக்கும். ‘இத்தனை நாள் பொறுத்தவன் பொய்யா சொல்லுவேன்?’ என்பார். எதிர்வீட்டுப் பெண் வாளியைப் பார்ப்பார்.

இந்த வகை அருகி வருவதற்கான அறிகுறி இல்லை. பத்திரிகையாளர் பிரியா ரமணி மீது முன்னாள் அமைச்சர் எம்.ஜே. அக்பர் தொடுத்த அவதூறு வழக்கில், பல பத்தாண்டுகள் கழித்துக்கூட ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்று டெல்லி நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொல்லி ரமணியை விடுவித்தது. காகா அதைப் படித்தார். அக்பரின் மேல்முறையீட்டை 2022 ஜனவரியில் உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்ற செய்தியையும் கத்தரித்து வைத்திருக்கிறார். ‘அது மாஜிஸ்திரேட் தீர்ப்புதானே, மேல் கோர்ட் என்ன சொல்லுதுன்னு நிதானமா பார்க்கலாம், என்ன அவசரம்?’ என்பது அவருடைய தற்போதைய நிலைப்பாடு.