கோல்ட்ஸ்டைன் அண்ணன்

எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர்கள் தங்கும் எந்த விடுதியிலும் ஒரு கோல்ட்ஸ்டைன் அண்ணன் இருப்பார். ஹெர்பர்ட் கோல்ட்ஸ்டைன் 1950-ல் வெளியிட்ட 'கிளாசிகல் மெக்கானிக்ஸ்' அவருடைய அக்குளிலேயே குடியிருக்கும். செராக்ஸ் பிரதிதான், ஸ்பைரல் பைண்டிங். அதைப் பக்கவாட்டில் பார்த்தாலே அண்ணனின் படிப்பு வரலாறு தெரிந்துவிடும். முதல் இரண்டு அத்தியாயம் விரல் பட்டுக் கறுத்திருக்கும். அதற்கு மேல் கடையிலிருந்து வந்த வெள்ளை அப்படியே இருக்கும்.

அவர் எதிரே 'விசை' என்று வாய் தவறியும் சொல்லிவிடக் கூடாது. "அதெல்லாம் பிளஸ் டூவோட முடிஞ்சுபோச்சு தம்பி. லாக்ராஞ்சியன் எழுது. டி மைனஸ் வி!"

1687-ல் வந்த நியூட்டனின் 'பிரின்சிபியா'வில் படங்கள் ஏராளம். 1788-ல் லாக்ராஞ்சோ, தன் நூலில் ஒரு படம்கூடக் கிடையாது என்று முன்னுரையிலேயே மார்தட்டிக்கொண்டார். அண்ணன் அந்தக் கட்சி. கப்பியின் இரு பக்கமும் எடை தொங்கும் அட்வுட் கணக்கை நாங்கள் நாலு வரியில் முடித்துவிட்டு டீ குடிக்கக் கிளம்புவோம். அவர் தாலம்பேர் தத்துவத்தில் பிள்ளையார் சுழி போட்டு, இரண்டு பக்கம் நடந்து, அதே விடைக்கு வந்து சேர்வார். "விடை கிடக்குது, வழி எவ்வளவு அழகு பாரு!" என்பார். விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கு அந்த ரசனை கொஞ்சம் குறைவு.

ஒருநாள் நடுவழியில் பைக்கில் பெட்ரோல் தீர்ந்துபோனது. "வழுக்காம உருளுற சக்கரம்... நான்-ஹோலோனாமிக். லேசுப்பட்ட கேஸ் இல்ல" என்றபடி இரு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். தள்ளியது நாங்கள்.

விடுமுறையில் அவர் ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் அவருடைய அக்கா மகன் சாட்டையைச் சுற்றிப் பம்பரம் விட்டான். தரையில் குத்தி, கொஞ்சம் தலையாட்டி, பிறகு நட்டுவைத்த மாதிரி நின்று சுழன்றது.

"மாமா, தூங்குது பாருங்க!"

"சுத்துறது எப்படிடா தூங்கும்?" என்று அண்ணன் சிரித்தார்.

திண்ணையில் கிடந்த கோல்ட்ஸ்டைனை எடுத்துப் புரட்டினேன். ஐந்தாம் அத்தியாயம். போதிய வேகத்தில் செங்குத்தாக நின்று சுழலும் பம்பரத்துக்கு அந்த மனுஷரும் 'தூங்கும் பம்பரம்' என்றுதான் பெயர் சொல்கிறார்.

பக்கம் வெள்ளை வெளேர் என்றிருந்தது.