உளி புடிக்கிறவனுக்கு எதுக்குடா மெயில் ஐடி?

வாடா பேராண்டி, உக்காரு. கிளவுடு விக்கிற ஏஜென்டு வந்துட்டுப் போனதுல இருந்து நீ வானத்தையே பார்த்துக்கினு கெடக்கேன்னு உன் ஆத்தா சொன்னா. மாமல்லபுரத்துல சிற்பக்கூடம் வெச்சிருக்கிற மொதலாளி கிளவுடுல எடம் புடிக்கப் போறாராமே. நல்ல சேதி. பட்டா யார் பேர்லன்னு கேட்டியா?

சிரிக்காதே. ஈசிஆர் ரோட்டுல லாட்ஜ் நடத்துற ஒருத்தர், பேரு எதுக்கு, அவருக்கு வெப்சைட் பண்ணிக் குடுத்த பையன் தன் பேர்லயே டொமைனைப் பதிஞ்சுக்கினான். ஓடிபி வர்ற நம்பரும் அவனோடதுதான். பையன் துபாய்க்குப் பூட்டான். வருஷம் திரும்பிச்சு, பதிவு காலாவதி ஆச்சு, வெப்சைட்டு போச்சு, அந்தப் பேர்ல வந்துக்கினு இருந்த மெயிலும் போச்சு. துட்டு கட்டினது லாட்ஜ்காரரு. அதனால ஏஜென்டு கிட்ட விலை கேக்கிறதுக்கு முன்னே, டொமைன் உன் பேரு, அட்மின் கணக்கு உன் நம்பருன்னு எழுதி வாங்கு. தேன்மாதிரி பேசுறவன்னா ரெண்டு தடவை எழுதி வாங்கு.

ஏஜென்டு எட்டுப் பேருக்குக் கோட்டேஷன் குடுத்திருக்கானாமே, யாருடா அந்த எட்டுப் பேரு? நீ, கணக்கு எழுதுற பொண்ணு, கோவில் ஆர்டர் பார்க்கிற உன் தம்பி. மிச்ச அஞ்சு பேரும் கருங்கல்லோட மல்லுக்கட்டுறவங்க. கிளவுடு கம்பெனிக்காரனுங்க வாடகை வாங்குறது தலைக்கு இத்தினின்னு மாசக் கணக்குல, அதுமேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. உளி புடிக்கிறவனுக்கு எதுக்குடா மெயில் ஐடி? அளவுப் படம் வேணும்னா லிங்க் அனுப்பு, போன்லயே பார்த்துக்குவான். மூணு பேருக்கு வாங்கினாப் போதும்.

உடனே, அப்ப இலவசத்துலயே ஓட்டிடலாம்னு கணக்குப் போடுவியே, உன் தாத்தன் ரத்தமாச்சே. அர்ச்சுனன் தபசு சிற்பத்துல ஒரு பூனை பின்னங்கால்ல நின்னு கையைத் தூக்கித் தவம் பண்ணுது, சுத்தி எலிங்க நிக்குது. தெனம் அதைத் தாண்டித்தான் கடைக்குப் போறே, ஒரு நாளாவது நின்னு பார்த்திருக்கியா? சும்மா தர்றவனும் அந்தப் பூனை மாதிரிதான். கூகுள்காரன் 15 ஜிபி சும்மா தரான், மைக்ரோசாப்ட்காரன் 5 தரான். அந்தப் 15-லயே மெயிலு, டிரைவு, போட்டோ மூணும் அடக்கம். முன்னே கொஞ்சம் சுருக்கி ஏத்துற போட்டோவை அவன் கணக்குல சேர்க்கல. எல்லாரும் நல்லாப் பழகினப்புறம், 2021 ஜூன்ல இருந்து சேர்த்துக்கினான். நீயோ ஒரு நந்தியை முன்னாடி, பின்னாடி, திமில் தனியா, மணி தனியான்னு புடிச்சு, நடுவுல ஒரு வீடியோவும் எடுக்கிற ஆளு. எடம் நெறைஞ்சா மெயிலும் உள்ள வராது. அட்வான்ஸ் பத்திக் கோவில் கமிட்டி எழுதின கடுதாசி வாசலோட திரும்பிப் பூடும்.

அமெரிக்கா வரைக்கும் பார்க்கிறியே, கூடுவாஞ்சேரியைப் பார்த்தியா? ஸோஹோக்காரன் பெரிய ஆபீஸே அங்கதான், எஸ்டான்சியா ஐடி பார்க்குல. 1996-ல அட்வென்ட்நெட்டுன்னு ஆரம்பிச்சு, 2005-ல ரைட்டர்னு எழுதுற சாப்ட்வேர் விட்டு, 2009-ல பேரையே ஸோஹோன்னு மாத்திக்கினாங்க. மெயிலு, கணக்கு, பைல் வெக்கிற எடம், எல்லாம் இருக்கு. நம்ம செங்கல்பட்டு மாவட்டம்னு பாசத்துல விழுந்துடாதே. அவனும் தலைக்கு இத்தினின்னுதான் பில்லு போடுவான்.

யார் கிட்டப் போனாலும் ஒண்ணு கேளு. "நாளைக்கு உன்னை வேணாம்னா, என் பைல் அத்தனையும் ஒட்டுக்கா எப்படி எடுத்துக்கினு போறது?" கூகுள்ல டேக்அவுட்டுன்னு ஒரு வழி இருக்கு. மத்தவங்க கிட்டயும் அந்த வழியைக் காட்டச் சொல்லு. கேட்டதும் ஏஜென்டு டீ சொல்லப் போனான்னா, நீயும் எழுந்து வந்துடு.

கடுதாசி அடிக்க, கூட்டல் கழித்தல் போட லிப்ரே ஆபீஸ் இருக்கு, 2010-ல இருந்து காசில்லாமக் கெடைக்குது. நெட்டு இல்லாமலும் ஓடும், மெனுவைத் தமிழ்லயே வெச்சுக்கலாம். எக்செல்ல மேக்ரோ போட்டுப் பொழைக்கிறவனுக்குக் கொஞ்சம் இடிக்கும். உன் பில்லுக்கு மேக்ரோ ஒண்ணுதான் கொறைச்சல்.

ஆனா கிளவுடுல போட்டாச்சுன்னு குறட்டை விடாதே. லேப்டாப்புல தம்பி கை தவறி அழிச்சான்னா, சிங்க் ஆகி மேலயும் அழியும். கூகுள் டிரைவ் குப்பைத் தொட்டியில 30 நாள்தான் கெடக்கும். ஜிஎஸ்டிக் கணக்கையோ, வருஷாந்திர ரிட்டர்ன் கெடுத் தேதில இருந்து 72 மாசம் வெச்சிருக்கணும்னு சட்டம். 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கிட்டத்தானே கரையேறிச்சு? அதுமாதிரி இன்னொண்ணு வந்து கரண்டும் டவரும் போனா, மேல இருக்கிறது இருக்கும், உன் கைக்கு வராது. ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி வாராவாரம் காப்பி எடு. அதை சிற்பக்கூடத்துல வெக்காதே, அங்க கல்லுத் தூசியும் உப்புக்காத்தும். திருக்கழுக்குன்றத்துல அத்தை வூட்டு பீரோவுல வெச்சிடு, அவ கிட்ட இருந்து எமனே எதையும் வாங்கினதில்ல.

சரி, இப்ப இருக்கிற கணக்குக்குப் பாஸ்வேர்டு இன்னா வெச்சிருக்கே? சொல்ல வேணாம். பொண்ணு பேரும் 123-ம்தானே? அத்தை போன வாரமே கண்டுபுடிச்சிட்டா.