முக்கால் டேங்க் முள்

சிங்கப்பூரில் பதிவான பெட்ரோல் வண்டி முக்கால் டேங்க் நிரப்பாமல் ஜொகூர் பக்கம் வரக்கூடாது. 1991 முதல் அந்த ஊர்ச் சட்டம். பழைய டட்சன் பிக்கப்காரருக்கு இதெல்லாம் கவலையே இல்லை. டேங்குக்குள் மிதவை மேலேயே சிக்கிக்கொண்டதால் முள் எந்நாளும் ‘ஃபுல்’. எவ்வளவு சட்டப்பற்று! பட்டறைக்குக் கொண்டுபோய்க் கெடுத்துவிடாதீர்கள்.

சூட்டில் கார்புரேட்டர் பெட்ரோல் கொதித்து, அணைத்த எஞ்சின் மறுபடி பிடிக்காதாம். அதனாலென்ன? அரை மணி ஆறவிட்டால் பிடிக்கும். ஆறவிடத்தானே 1924-லேயே இரண்டு ஊருக்கும் நடுவே காஸ்வே கட்டி வைத்தார்கள். முன்வண்டி நகர்வதற்குள் எஞ்சின் குளிர்ந்து ஜலதோஷமே பிடித்துவிடும்.

ஆறியும் கிளம்பவில்லையா? டேங்கில் சொட்டு பெட்ரோல் இருக்காது. பதறாதீர்கள், இறங்கித் தள்ளுங்கள். வுட்லண்ட்ஸ் சாவடி அதிகாரி முள்ளைப் பார்ப்பார், தலையசைப்பார், தள்ளிக்கொண்டு போகச் சொல்வார். பக்கத்தில் முழு டேங்குக்கு ஒரு கோடு குறைந்த புத்தம்புது கார்க்காரர், தேவையில்லாமல் வியர்த்துக்கொண்டிருப்பார்.