ஆள் இருந்தால் போதாது

மலேசியாவில் ஒருவர் யார் என்பதை அவருடைய அடையாள அட்டையின் நிறம் சொல்லிவிடும். நீலம் என்றால் குடிமகன், சிவப்பு என்றால் நிரந்தரவாசி, பச்சை என்றால் தற்காலிகவாசி. எந்த நிறத்திலும் சேராதவருக்குக் கடப்பிதழும் அதற்குள் இருக்கும் பெர்மிட்டும்தான் கதி. போர்ட் கிள்ளானில் இந்த நான்கு வகையினரும் ஒரே சாப்பாட்டுக் கடையில், ஒரே மேசையில், ஒரே சாம்பாரை ஊற்றிச் சாப்பிடுவார்கள். முகத்தைப் பார்த்து நிறம் சொல்ல யாராலும் ஆகாது.

அட்டை 1948இல் வந்தது. அவசரகாலம் பிரகடனமானதும், காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட் யார், தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர் யார் என்று பிரித்தறிய, புகைப்படமும் கைரேகையும் பதித்த காகித அட்டையை பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. கெரில்லாக்கள் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார்கள். அட்டையின் அருமையை முதலில் உணர்ந்தவர்கள் அவர்கள்தான் போலும்.

1990இல் அடையாள எண் 12 இலக்கமானது. 2001இல் சில்லு பொருத்திய மைகார்ட் வந்தது. எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இடையில் பிறந்த இடத்துக்கென்று இரண்டு இலக்கம்: 10 என்றால் சிலாங்கூர், 14 என்றால் கோலாலம்பூர், 75 என்றால் இந்தியா. எந்த மாநிலத்தில் பிறந்தார் என்றே தெரியாதவருக்கு 82. தெரியாததற்கும் எண் வைத்திருக்கும் நிர்வாகத்தைக் குறை சொல்வது கடினம்.

தாம் இந்நாட்டில் முறைப்படி வசிக்கும் வெளிநாட்டவர் என்று நிரூபிப்பது யாருக்கு எளிது? போன மாதம் வந்து இறங்கியவருக்கு. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் முடிவெட்டும் தம்பிக்கோ பிரிக்ஃபீல்ட்ஸில் பரோட்டா வீசும் அண்ணனுக்கோ எல்லாத் தாளும் புதிது: கடப்பிதழ், மருத்துவச் சோதனை முடிவு, தற்காலிக வேலை பெர்மிட். ஒரே சிக்கல், கடப்பிதழ் பல சமயம் முதலாளியின் மேசை இழுப்பறைக்குள் இருக்கும். அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்துவைப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். முதலாளியைக் கேட்டால் ‘பத்திரத்துக்காக’ என்பார். தொழிலாளியின் சட்டைப்பையில் நாலாக மடித்த போட்டோஸ்டேட் இருக்கும். குடிநுழைவுத் துறை சோதனைக்கு வரும் அன்று அந்தப் போட்டோஸ்டேட்டுக்கு இருக்கும் மரியாதை, கசங்கிய காகிதத்துக்கு உரிய மரியாதைதான். முதலாளி அசலைக் கொண்டுவரும் வரை தொழிலாளி லாரியில் காத்திருப்பார்.

கடினம் என்பது பாட்டிமார்களுக்கு. காப்பார் பக்கத்துத் தோட்டத்து லயம் ஒன்றில், மருத்துவச்சி கையில் பிறந்து, எழுபது வருடம் இந்த மாவட்டத்தை விட்டு வெளியே போகாத பாட்டி, சட்டப்படி வெளிநாட்டவராக இருக்க முடியும். 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் வரை இங்கே பிறந்தவர், பிறந்த காரணத்தாலேயே குடிமகன். அதற்கு முன் பிறந்த பலர் மனுப் போட்டுப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. தோட்டத்தில் விடிகாலைப் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடியவர்களுக்கு அரசியல் சாசனத்தின் 16ஆவது பிரிவைப் படிக்க நேரம் வாய்க்கவில்லை. விவரம் புரிந்தது 1969இல். குடிமக்கள் அல்லாதாருக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் அமலானபோது, பல குடும்பங்கள் மூட்டை கட்டி இதே கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேறின. மிஞ்சியவர்கள் சிவப்பு ஐசியோடு, அதாவது சிவப்பு அடையாள அட்டையோடு, தங்கினார்கள்.

சிவப்பை நீலமாக்கப் போகிறவரிடம் பிறப்புச் சான்றிதழ், அதாவது சூரத் பெரானாக், கேட்பார்கள். தோட்டத்துக் கிராணி எழுதியதில் அப்பா பெயர் முனியாண்டி, திருமணப் பதிவில் முனியண்டி, ஐசியில் மூனியாண்டி. மூவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழி கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். முனியாண்டி சாட்சிக்கு வரமாட்டார். அவர் புதைந்த தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று திறந்த துறைமுகம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. மொத்தப் பெயரையும் மாற்றிக்கொண்ட அதனிடம் யாரும் சத்தியப் பிரமாணம் கேட்கவில்லை.

அடுத்தது கைரேகை. முகப்பில் இருக்கும் கண்ணாடித் தட்டில் கட்டைவிரலை வைக்க வேண்டும். கத்தி பிடித்தும் பால் வாளி தூக்கியும் தேய்ந்த விரல் அது. இயந்திரம் சிவப்பு விளக்கு காட்டும். “தெக்கான் குவாட் சிக்கிட், மாக்சிக்” என்பார் முகப்பில் இருக்கும் பெண், அழுத்தி வைக்கச் சொல்லி. பாட்டி அழுத்துவார். மீண்டும் சிவப்பு. டிஷ்யூவால் துடைத்து இன்னொரு முறை. பிறகு வலது போய் இடது. எதிரே உட்கார்ந்திருக்கும் பாட்டி அதே பாட்டிதான் என்பதில் அந்த அறையில் இயந்திரத்தைத் தவிர வேறு யாருக்கும் சந்தேகம் இல்லை.

நேர்காணலில் மலாய் பேசிக் காட்டுவதும் உண்டு. சந்தையில் மீன் விலையை அடித்துக் குறைக்கும் மலாய் பாட்டியிடம் ஏராளம். அதிகாரியின் அறையில் அது எங்கோ ஒளிந்துகொள்ளும்.

இந்தத் துன்பம் மலேசியாவின் தனிச்சொத்து அல்ல. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடம் அப்பாவும் சில வேளை தாத்தாவும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டு, இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. அதோடு ஒப்பிட்டால் சிவப்பு ஐசி ஒரு கௌரவம். 2018இல் 60 வயது கடந்த சுமார் 3,400 இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று மலேசிய அரசு அறிவித்ததும் நல்ல காரியமே. ஆனால் எழுபது வருடம் ஓரிடத்தில் இருந்தது எழுபது வருடம் இருந்ததற்குச் சான்று ஆகாது என்ற விதி மட்டும் அசையவில்லை.

அதற்கு விலக்கான அலுவலகம் ஒன்று உண்டு: உள்நாட்டு வருமான வாரியம். அங்கே நிறம் கேட்பதில்லை, பிறந்த தோட்டம் கேட்பதில்லை, முனியாண்டியையும் கேட்பதில்லை. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி, ஓர் ஆண்டில் 182 நாள் இந்நாட்டில் இருந்தாலே ஒருவர் மலேசியவாசி.