கேள்வி-பதில்: ஏணிக்கு எட்டாத மாடிகள்

நாமக்கல்லில் உயரமாக நிற்பது மலைக்கோட்டை ஒன்றுதான். அது தீப்பற்றப் போவதுமில்லை. இங்கே உயர்மாடித் தீயைப் பற்றிய பேச்சு எதற்கு? (நாமக்கல்)

பாறை எரியாது என்பது உண்மையே. ஆனால் தேசியக் கட்டட நெறிமுறை 15 மீட்டரிலிருந்தும், தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் 18.30 மீட்டரைத் தாண்டியும் உயர்மாடிக் கணக்கைத் தொடங்கிவிடுவதால், ஐந்தாறு மாடி எழுப்பிய மருத்துவமனையும் துணிக்கடையும் கோட்டையைவிடக் குட்டையாக இருந்துகொண்டே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுகின்றன.

தீயணைப்புத் துறையின் ஸ்கை லிப்ட் என்பது நிமிர்ந்து நிற்கும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிதானே? (திருச்செங்கோடு)

உறவுமுறை உண்டு. இரண்டுமே லாரியின் அடிச்சட்டத்தில் ஏறி, ஜாக்கிகளை ஊன்றி, ஹைட்ராலிக் முறையில், அதாவது எண்ணெயின் அழுத்தத்தால், இயங்குபவை. ஆனால் ரிக்கின் கம்பம் செங்குத்தாக நின்று பூமிக்குள் துளையிட, ஸ்கை லிப்டின் கையோ ஆட்களையும் நீர்பீய்ச்சும் குழலையும் சுமந்த கூண்டோடு வெளிப்பக்கம் சாய்ந்து நீள்வதால், வண்டி கவிழாதிருக்கக் கால்களை அகல விரித்து உறுதியான தரையில் ஊன்றியாக வேண்டும். தமிழகத் தீயணைப்புத் துறையிடம் 54 மீட்டரும் 104 மீட்டரும் எட்டும் வண்டிகள் உள்ளன. பின்லாந்தின் பிரான்டோ நிறுவனம் 112 மீட்டர் வரை எட்டுவதையும் செய்கிறது.

ஸ்கை லிப்ட் எங்கள் தெருவுக்குள் வருமா? (செவ்வாய்ப்பேட்டை)

மூட்டை இறக்கும் லாரிகள் வழிவிட்டால் வரக்கூடும். வந்தபின் கால் விரிக்க இடம் கிடைக்குமா என்பதே கேள்வி. இடம் கிடைத்தாலும் வெளியிலிருந்து பாயும் நீர் கட்டடத்தின் நடுப்பகுதியை எட்டுவது அரிது. சென்னை தியாகராய நகரில் 2017 மே 31 அன்று தீப்பற்றிய ஏழுமாடித் துணிக்கடை, ஸ்கை லிப்ட் வந்தும் ஒரு நாளுக்கு மேல் எரிந்து, ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

பிறகு மேல்மாடித் தீயை எதைக் கொண்டுதான் அணைப்பது? (ராசிபுரம்)

கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு குழாயைக் கொண்டு. 'ரைசர்' எனப்படும் அந்தச் செங்குத்துக் குழாய் ஒவ்வொரு மாடியின் படிக்கட்டருகிலும் ஒரு வால்வோடு மேலேறுகிறது. எப்போதும் அழுத்தத்தோடு நீர் நிறைந்திருப்பது ஈர ரைசர், தீயணைப்பு வண்டி வந்து கீழிருந்து நீரேற்றும் வரை காலியாக நிற்பது உலர் ரைசர். பத்து மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றவே ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் செலவாகிறது என்பதால், 1959இல் திறக்கப்பட்டு 1975 ஜூலையில் தீக்கிரையான சென்னை எல்ஐசி கட்டடத்தின் 54 மீட்டர் உச்சிக்கு ஐந்து பாருக்கு மேல் ஏறுவதற்கே போய்விடும். நீர் பீய்ச்சும் முனையில் வேண்டிய மூன்றரை பார் தனி. ஆகவே சம்ப்பில் நீரும், மின்சாரம் போனாலும் ஓடும் டீசல் பம்பும் இருந்தால்தான், முதுகில் காற்று உருளையும் தோளில் ஹோஸுமாகப் படியேறும் வீரருக்கு மேலே வேலை இருக்கும். வால்வின் பித்தளைத் தலைகள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால் ஏறியதற்குப் பயனில்லை.

தீயின்போது லிப்டில் இறங்கலாமா? (சங்ககிரி)

கூடாது. லிப்ட் ஓடும் கூண்டுவழி புகைக்கும் நல்ல வழி. மின்சாரம் நின்றால் பெட்டி நடுவில் தொங்கிவிடும். தனி மின்வழியோடு, ஒரு நிமிடத்துக்குள் உச்சி மாடியை எட்ட வேண்டிய 'ஃபயர் லிப்ட்' தீயணைப்பு வீரர்களுக்கு மட்டும் உரியது. வாசகர்கள் படியில் இறங்கி 101ஐ அழைக்கட்டும். அதற்கு முன், தீயில்லாத ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமையில், அந்த டீசல் பம்பை ஒருமுறை ஓட்டிக் காட்டுமாறு தங்கள் குடியிருப்புச் சங்கத்தைக் கேட்கட்டும்.