மில்லிமீட்டர் விமானத்தில் அங்குல போல்ட்

கேள்வி: ஏர்பஸ் விமானத்தை மில்லிமீட்டரில்தான் வரைகிறார்கள். பிறகு அதில் அங்குல அளவு ரிவெட்டும் போல்ட்டும் ஏன்?

பதில்: வரைபடத்தைப் பொறியாளர் முடிவு செய்கிறார், போல்ட்டைச் சந்தை முடிவு செய்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விமானத் தொழிலில் அமெரிக்காவின் கை ஓங்கியிருந்தது. அதன் அங்குல அளவுகளே உலகெங்கும் பரவின. 1972இல் முதன்முதலாகப் பறந்த ஏர்பஸ் ஏ300கூட அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் இன்ஜினோடுதான் கிளம்பியது. எந்த ஊரில் இறங்கினாலும் உதிரி பாகமும் அதற்கேற்ற ஸ்பேனரும் கிடைத்தால்தான் விமானம் விற்கும்.

அந்த அங்குலமும் முன்பு ஒன்றாக இல்லை. அமெரிக்க அங்குலம் வேறு, பிரிட்டிஷ் அங்குலம் வேறு. வித்தியாசம் மயிரிழையைவிட நுண்ணியது. 1959இல் ஆறு நாடுகள் பேசி, ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்று முடித்தன. ஆக, இன்றைய அங்குலமே மெட்ரிக்கின் பிள்ளைதான்!

இரண்டு அளவுகள் இருப்பதில் ஆபத்தில்லை. அவற்றைக் குழப்புவதில்தான் ஆபத்து. 1983இல் ஏர் கனடாவின் போயிங் 767க்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. பவுண்டுக் கணக்கைக் கிலோ என்று எண்ணியதால், அதில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பிவிட்டது. நடுவானில் இரண்டு இன்ஜின்களும் நின்றன. விமானிகள் அதை கிளைடர் போல மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் இறக்கினார்கள். 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

எந்த அளவு உயர்ந்தது என்ற சண்டை வேண்டாம். எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதுங்கள். எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கட்டும். உயிர்களைக் காப்பது இந்த ஒழுங்குதான்.